காத்திருந்த கம்ப்யூட்டர்

ராயபுரத்தில் லுப்னாவின் ரிப்பேர் கடைக்குள் பெர்சிஸ் நுழைந்த வேகத்தில் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. கம்ப்யூட்டர் பெட்டியை மேசைமேல் இறக்கினாள்.

“இது இப்பவே ஓடணும்க்கா. மதியானம் ஆலை மேல விசாரணை கீது.”

எண்ணூரில் அவள் தெருவுக்கு எதிரே ஒரு ரசாயன ஆலை. கேஸ் நாற்றம் வரும்போதெல்லாம் அவள் மகளுக்கு மூச்சு இழுக்கும். நாற்றமே இல்லை என்று ஆலை சாதித்தது. அதனால் குடியிருப்போர் சங்கம் காற்றை அளக்கும் கருவி ஒன்றை வைத்தது. அளவுகள் எல்லாம் கம்ப்யூட்டரில் செருகியிருந்த கறுப்பு டிஸ்க்கில் பதிவாகும். லினக்ஸ் மென்பொருள் போட்டு அதை அமைத்தவன், துறைமுகத்தில் வேலை பார்க்கும் விமல். இன்று காலை ஆன் செய்தபோது தொடக்க லோகோ சற்று நேரம் சுற்றிவிட்டு அப்படியே உறைந்துபோனது.

“நேத்து சாயங்காலம் அப்டேட் போடுறேன்னு குந்திகினு இருந்தான்,” பெர்சிஸ் பின்னால் நின்ற விமலைக் காட்டினாள். “எவன்கிட்டடா வெல போன?”

விமலின் முகம் இறுகியது. “வாய அடக்கிப் பேசுக்கா.”

கூடவே வந்த சங்கச் செயலாளர் குணசேகரன் குறுக்கே புகுந்தார். “வுடும்மா, தெரியாம பண்ட்டான். டிஸ்க்குல ஒண்ணுமே இல்லன்னு ஆயிப்போச்சு. வாய்தா வாங்கிக்கலாம்.”

“அப்டேட்தான், சந்தேகமே இல்ல!” என்று துள்ளினான் லுப்னாவின் கூட்டாளி மேத்யூ.

“பாத்துட்டுச் சொல்லுவோம்,” என்றாள் லுப்னா.

தொடக்கப் பட்டியலில், அப்டேட்டுக்கு முந்தைய பதிப்பைத் தேர்ந்தெடுத்தாள். அதுவும் அதே இடத்தில் நின்றது. “பழசுலயும் நிக்குது. அப்டேட் மேல தப்பில்ல.”

அடுத்து எஸ்கேப் விசையை அழுத்தினாள். லோகோ மறைந்து வெள்ளை எழுத்து வரிகள் தெரிந்தன. கடைசி வரியில் விரலை வைத்தாள். “ஒரு டிஸ்க்குக்காகக் காத்துக்கினு கீது.”

“டிஸ்க்தான் மாட்டியிருக்கே?” என்றான் மேத்யூ.

லுப்னா டிஸ்க்கின் ஒயரைத் தடவினாள். விரலில் எண்ணூர்க் கரி. டிஸ்க்கைத் தடவினாள்; விரல் சுத்தமாக இருந்தது. அதைக் கழற்றித் தன் லேப்டாப்பில் செருகினாள். உள்ளே ஒன்றும் இல்லை.

“இது அந்த டிஸ்க் இல்ல, புதுசு. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனி அடையாள எண் உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் எண் வேற. தன்னோட டிஸ்க் வராம இந்தக் கம்ப்யூட்டர் மேல நகராது. விமல், நீதானே அப்படி அமைச்ச?”

“ஆமா. அளவு வேற எங்கயும் பதிஞ்சிடக் கூடாதுன்னு.”

“அப்ப இவன்தான் மாத்தினான்!” பெர்சிஸ் பாய்ந்தாள்.

“இவன் மாத்தியிருந்தா அந்த எண்ணையும் மாத்தியிருப்பான். கம்ப்யூட்டர் ஒழுங்கா ஆன் ஆகியிருக்கும். விசாரணையில எல்லார் முன்னாடியும் காலி டிஸ்க்கைத் தொறந்து நீ அவமானப்பட்டிருப்ப. அப்படி நடக்கணும்னு நினைச்சவருக்கு எண் விஷயம் தெரியல.” லுப்னா குணசேகரன் பக்கம் திரும்பினாள். “கம்ப்யூட்டரே ஆன் ஆகல, டிஸ்க்கை யாரும் தொறந்து பாக்கல. உள்ள ஒண்ணுமே இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும், அண்ணே?”

குணசேகரனின் கண்கள் வெளியே நின்ற தன் ஸ்கூட்டர் பக்கம் ஓடின. அது மேத்யூவுக்குப் போதுமானதாக இருந்தது. அவர் கையிலிருந்த சாவியைப் பறித்துக்கொண்டு ஓடியவன், சீட்டுக்கு அடியிலிருந்து கரி படிந்த டிஸ்க்கோடு திரும்பினான்.

“ஆலையில எம் புள்ளைய பர்மனென்ட் பண்றேன்னாங்கம்மா,” என்றார் குணசேகரன். “ இத சாயங்காலம் குடுக்கச் சொன்னாங்க…”

“உம் புள்ள வேற காத்தயா இழுக்குது?” பெர்சிஸின் குரல் தெருவரை கேட்டது. “எங்கூட வா. மாத்தச் சொன்னவன் பேர விசாரணையில உன் வாயாலயே சொல்லு. இல்லன்னா நம்ம தெரு மொத்தமும் உன் வூட்டு வாசல்ல நிக்கும்.”

விமல் பழைய டிஸ்க்கைச் செருகினான். வரிகள் தடதடவென்று ஓடின, திரை திறந்தது. அளவுகள் அத்தனையும் பத்திரமாக இருந்தன.

“விமலு…” என்றாள் பெர்சிஸ். அவன் நிமிரவில்லை. “நீ வராம நான் போவ மாட்டேன்.”

“வரேன். அத எனக்குத்தான் காட்டத் தெரியும்.” பெட்டியைத் தூக்கினான். “ஆனா எங்கிட்ட பேசாத.”

அவன் படியிறங்கினான். குணசேகரனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் பெர்சிஸ் அவன் பின்னால் நடந்தாள்.