முன் இடது சக்கரத்தின் சத்தம்

வண்டி நின்றது. இன்ஜின் அணைந்தது. அதற்கப்புறம்தான், சொல்ல மறந்ததைச் சொல்லிவிட்டுப் போக வந்ததுபோல, முன் இடது சக்கரத்துக்குள்ளிருந்து ஒரே ஒரு 'டக்' வந்தது.

டேனியல் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தான். பம்மலில் நின்றுகொண்டு, பல்லாவரம் பாலத்தில் ஏறும் லாரிக்கு எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவான். அதையும் தலைக்கு மேல் விமானம் ஏறிக்கொண்டிருக்கும்போதே சொல்லுவான் என்று தெருவே சத்தியம் செய்யும். முப்பது வருடம் பழகிய காது. ஆனால் எல்லாம் ஓடும் வண்டியின் சத்தங்கள். நின்றுபோன வண்டி போடும் சத்தத்துக்கு அவனிடம் பெயர் இல்லை.

ஏகநாதன் இறங்கி, கதவை அறைந்து சாத்தினார். நாலு சக்கரமும் இழுக்கிற பழைய டிரக், ஏலத்தில் எடுத்தது. யானைக்கு டயர் மாட்டியதுபோல இருக்கும். ஷெட் நிற்கிற மனையும் அவருடையதுதான். அந்தத் தெருவில் காக்காய் உட்காருகிற இடம்கூட அவர் அப்பா ஏர் ஓட்டிய நிலம்.

"மூணாவது தபா வர்றேன் டேனியலு. சீல் மாத்திட்டேன்ன, ஆயிலு ஒழுகிகினே கீது. பேரிங் மாத்திட்டேன்ன, பீர்க்கன்கரணை ஏரி வளைவுல திரும்பறேன், டக்கு டக்குன்னுது. உன் காதையும் கழட்டி ரிப்பேருக்குக் குடுத்துட்டியா?"

"இல்லண்ணா, இன்னொரு வாட்டி நல்லா பாத்துடறேன்."

"பாரு. ஆறு மணிக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லன்னா ஷெட்டு சாவிய வச்சிட்டுக் கெளம்பு. இந்த எடத்துக்கு பிரியாணிக்கடைக்காரன் அண்டாவோட நின்னுகினு கீறான்."

சொல்லிவிட்டுப் போகவும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டு, குடையைச் சுவரில் சாத்தி, வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கார்த்திகை மழை. மணி இரண்டுதான், அதற்குள் ஷெட்டுக்குள் இருட்டு வந்து குந்திக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த ஒவ்வொரு துளியும் டேனியலின் மண்டைமேல் விழுந்தது. ஒரு மணியிலிருந்தே கரண்ட் இல்லை.

முதலில் ஒழுகலைப் பார்த்தான். முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கிற ஆக்சிலை மண்ணெண்ணெய் போட்டு, கல்யாண வீட்டுப் பாத்திரம்போலத் துடைத்தான். அடியில் செய்தித்தாளை விரித்துவிட்டுக் காத்திருந்தான். கால் மணியில் ஒரு சொட்டு விழுந்தது. தொட்டு, விரலிடையில் தேய்த்து, முகர்ந்தான். கியர் ஆயில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். பிரேக் ஆயில் தண்ணீர்போல வழுக்கும். இது இரண்டும் இல்லை. சூடாக இருந்தது. காய்ச்சல்காரன் நெற்றியின் சூடு. முகர்ந்த மூக்குக்குள், மூடிக் கிடந்த அறையைத் திறந்ததும் வருகிற வாடை ஏறி, இறங்கவே மாட்டேன் என்றது.

விரலைப் பேன்ட்டில் துடைத்தான். சூடு போகவில்லை.

பிறகு சத்தம். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினான், ஆட்டம் இல்லை. பக்கவாட்டில் ஆட்டினான், இல்லை. சக்கரத்தைக் கழற்றினான். டக். ஹப்பைக் கழற்றினான். டக். உள்ளே இருந்த நீள ஷாஃப்டை உருவி எடுத்துத் தரையில் கிடத்தினான். டக். ஒவ்வொன்றாகக் கழற்றும்போது ஒவ்வொரு சந்தேகமாகத் தீர வேண்டும், அதுதான் தொழில். இங்கே ஒவ்வொன்று கழன்றதும் சத்தம் இன்னும் துலக்கமாகக் கேட்டது. தூங்குகிறவன்மேல் போர்த்திய போர்வைகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போவதுபோல.

"இன்னா, அப்படியே பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடலாம்னு பாக்கறியா?" என்றார் ஏகநாதன், நாற்காலியிலிருந்து.

பக்கத்து லேத்துக்கார உமேஷைக் கூப்பிட்டு, செயின் பிளாக் போட்டு, ஆக்சிலையே வண்டியிலிருந்து இறக்கினான். நாலு ஆள் தூக்க முடியாத இரும்பு. இரண்டு மரக்கட்டைகள்மேல் கிடத்தினார்கள். நடுவிலிருந்த பற்சக்கரங்களையும் எடுத்தாயிற்று. இப்போது அது வெறும் குழாய். டேனியல் ஒரு முனையில் டார்ச் அடித்தான். மறுமுனையில் உமேஷின் வயிற்றில் வெளிச்சம் வட்டமாக விழுந்தது. நடுவில் தூசிகூட இல்லை.

டக்.

உமேஷ் கையை எடுத்துக்கொண்டான். "மச்சான், உள்ள எலி கீதுடா."

"எங்கடா கீது? என் டார்ச்சு உன் தொப்பைல தெரியுதில்ல?"

டக். டக்.

"சரி மச்சான், லேத்துல வேலை ஓடிகினு கீது, அப்பால வர்றேன்." கரண்ட் இல்லாத லேத்தில் என்ன ஓடுகிறது என்று கேட்பதற்குள் உமேஷின் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது.

டேனியல் முழ நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். நுனியை இரும்பில் வைத்து, பிடியைக் காதில் அழுத்தினால், இரும்புக்குள் எறும்பு நடப்பதுகூடக் கேட்கும். மண்டியிட்டான். நுனியைக் குழாயின்மேல் வைத்தான். காதை வைத்தான்.

மழைச் சத்தம் மறைந்தது.

ஒன்றும் இல்லை. டக் இல்லை. எதுவுமே இல்லை. ஆனால் அந்த இல்லாமை வெறுமையாக இல்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். டேனியல் தன் மூச்சையும் பிடித்தான். அப்போது புரிந்தது. அந்தப் பக்கத்திலும் ஒரு காது.

அது அவனைக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஸ்க்ரூ டிரைவரோடு பின்னால் விழுந்தான்.

"டிராமாவா?" ஏகநாதன் எழுந்து வந்தார். "மணி அஞ்சே முக்கால். சாவி எங்க?"

அந்த ஸ்க்ரூ டிரைவரை வண்டிக்காரன் கையில் கொடுக்கக் கூடாது என்பது பம்மல் மெக்கானிக்குகள் எல்லாரும் காக்கிற கட்டுப்பாடு. ஒரு தரம் கேட்டுவிட்டவன், புது பேரிங்கிலும் நோய் கேட்பான். ஆயுசுக்கும் உயிரை வாங்குவான். டேனியலும் முப்பது வருடமாகக் கொடுத்ததில்லை. ஆனால் அவன் கண்ணுக்குள் அண்டாவோடு ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

"நீங்களே கேளுங்கண்ணா. என் வேலைல தப்பு இருந்தா, இப்பவே சாவி தர்றேன்."

ஏகநாதன் அதைப் பிடுங்கினார். சிரித்துக்கொண்டே குனிந்து, காதை வைத்தார்.

"ஒரு மண்ணும் கேக்கல டே..."

நின்றார்.

"ஆங்," என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஆங். சரி."

கூரைக்கு மேலே விமானம் ஒன்று ஏறியது. தகரம், ஸ்பேனர்கள், டேனியலின் பற்கள் எல்லாம் அதிர்ந்தன. அது போய் முடிந்தபோதும் ஏகநாதனின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ரொம்பப் பணிவாக. அவர் யாருக்கும் பணிந்து பேசி அந்தத் தெரு பார்த்ததில்லை.

நிமிர்ந்தார். ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்து, அதன் இடத்தில் வைத்தார்.

"சத்தம் நின்னுடுச்சி பாரு."

நின்றிருந்தது. டேனியல் எண்ணிக்கொண்டே காத்திருந்தான். நூறு. இருநூறு. குழாய் வெறும் குழாயாகக் கிடந்தது. கடைசிச் சொட்டு விளிம்பிலேயே உறைந்திருந்தது.

"ஷெட்டு உனக்குத்தான் டேனியலு. பிரியாணிக்கடையும் வேணாம், ஒரு மயிரும் வேணாம்."

டேனியலுக்கு அழுகை வந்தது. பம்மலையே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தாம்பரம்வரை ஓடலாம்போல இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டான். ஏகநாதன் குடையை எடுக்க இடது பக்கம் திரும்பினார்.

டக்.

வேட்டிக்குள்ளிருந்து.

அவர் குடையை எடுக்கவில்லை. ஷட்டரை எட்டிப் பிடித்து, உள்பக்கமாக இறக்கினார். ஒவ்வொரு அடிக்கும் டக். திரும்பி வந்து, கட்டைகள்மேல் கிடந்த ஆக்சிலை ஒற்றைக் காலால் தள்ளினார். நாலு ஆள் இரும்பு. வாழைத்தண்டுபோல உருண்டு போனது.

"அண்ணா..."

அவர் அந்த இரண்டு கட்டைகள்மேல் மல்லாந்து படுத்தார். தலை ஒன்றில். கால்கள் ஒன்றில். நடுவில் உடம்பு தொய்யவே இல்லை. வேட்டியைத் தொடைக்கு மேல் வழித்துக்கொண்டார். முழங்காலுக்கு அடியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

அந்த வாடை.

"ஆறு மணிக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் கீது," என்றார், அதே பணிவோடு. "கழட்டு."

டேனியல் டார்ச்சை அடித்தான்.  வெளிச்சம் தொடையிலிருந்து கீழே இறங்கியது. பிறகு நின்றது.

இடது முழங்கால் மூடியைச் சுற்றி, தோலுக்கு அடியில், ஆறு போல்ட் தலைகள் வட்டமாகப் புடைத்திருந்தன. அவற்றில் ஒன்று, தோலைத் திருகிக்கொண்டு, தானாகவே மெல்லச் சுழன்று தளர்ந்துகொண்டிருந்தது.