வெறும் மடி

மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு பிற்பகலில் தட்டாரின் மச்சினன் அவருடைய நகைப் பட்டறைக்குள் நுழைந்தான். கிணறு தூர்வாருகிறவன், உடம்பெல்லாம் பாசி நாற்றம். கதவைச் சாத்திவிட்டு, துண்டு முடிச்சை அவர் முன்னால் அவிழ்த்தான்.

பொற்காசுகள். தேய்ந்து, சேறு அப்பிய பழங்காசுகள். ஒவ்வொன்றிலும் ஒரு தாய்த்தெய்வம் மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள்.

"பாழடைஞ்ச கோயில் கிணத்துல கிடைச்சுது மாமா. உருக்கிடுங்க. அப்புறம் யாரு வந்து என்ன கேக்க முடியும்?"

"சாமி காசுடா."

"சாமியே சேத்துலதான் கிடந்துச்சு. அக்காவுக்குப் பிள்ளை பிறக்கப்போகுது. இந்த ஒழுகுற வீட்டுலயா வளர்ப்பீங்க?"

தட்டார் கூரையை அண்ணாந்து பார்த்தார். ஆசை வெட்கமறியாது. ஒரு காசைப் பொன் உருக்கும் மூசையில் போட்டு உலையை ஊதினார்.

பொன் இளகியது. தெய்வத்தின் முகம் மட்டும் இளகவில்லை. கொதிக்கும் பொன்னின் மேல் மிதந்தபடி அவரையே பார்த்தது. பிறகு மெல்ல அமிழ்ந்தது.

பால் தீய்ந்த வாடை பட்டறையெங்கும் பரவியது.

அடுத்த காசை எடுத்தவரின் கை அப்படியே நின்றது.

மடியில் பிள்ளை இல்லை.

பதறிப்போய் மற்றவற்றைப் புரட்டினார். எல்லாவற்றிலும் அவள் வெறும் மடியோடு உட்கார்ந்திருந்தாள்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"என்னங்க... கொஞ்சம் வாங்களேன். பிள்ளை அசையவே மாட்டேங்குது."

தட்டார் உலையை அவித்தார். உருகியதைத் தண்ணீரில் கொட்டி, காசுகளோடு சேர்த்துத் துண்டில் முடிந்தார். மச்சினன் அவர் கையைப் பிடித்தான்.

"பைத்தியமா மாமா உங்களுக்கு?"

"வயித்துல இருக்கிறது உங்க அக்கா பிள்ளைடா!"

மச்சினன் கையை விட்டான். இருவரும் கொட்டும் மழையில் ஓடினார்கள். தட்டார் முடிச்சைக் கோயில் கிணற்றுக்குள் எறிந்தார்.

தண்ணீரில் விழுந்த சத்தமே கேட்கவில்லை. கீழே யாரோ கையேந்தி வாங்கிக்கொண்டதுபோல.

வீடு திரும்பியபோது மனைவி வயிற்றைத் தடவியபடி சிரித்தாள். "இப்பத்தான் உதைக்கிறான்."

மகன் நல்லபடியாகப் பிறந்தான். தட்டாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாளாக நாளாக, நடந்ததெல்லாம் பிரமை என்றுகூட அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் அவர் முற்றத்தில் கை கழுவிக்கொண்டிருந்தார். மனைவி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் பிள்ளை வீறிட்டான். அவள் திரும்புவதற்குள் அழுகை அடங்கிவிட்டது.

தொட்டில் கிறீச்சிட்டது.

ஒரு பெண்குரல் தாலாட்டியது.

"யாருங்க உள்ள?" மனைவி கிசுகிசுத்தாள்.

தட்டார் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினார்.

உள்பக்கம் தாழ் போட்டிருந்தது.