ராஜசேகர் கொண்டுவந்த கம்ப்யூட்டர்

நாற்காலி சூடாக இருந்தது.

ராஜசேகர் விழுப்புரம் ரயிலைப் பிடிக்க விடியலிலேயே போய்விட்டான். தேவகி சமையலை முடித்து, குளித்து, ஈரத்தலையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோதுதான், யாரோ வெகுநேரம் உட்கார்ந்திருந்து அப்போதுதான் எழுந்து போனதுபோல் அந்தச் சூடு புடவையைத் தாண்டி உறைத்தது. வீட்டில் வேறு யாருமில்லை. ஜன்னல் வெயில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது.

திண்டிவனத்தில் அந்தத் தெருவுக்கே அதுதான் முதல் கம்ப்யூட்டர். தொண்ணூற்றொன்பதில், கல்யாணமான சூட்டோடு, ராஜசேகர் அதை வேனில் ஏற்றிவந்து இறக்கினான். "தனியா இருந்தா பேஜாராத்தானே இருக்கும், கத்துக்கோ" என்றான். இப்படியொரு மாப்பிள்ளையா என்று அவள் அம்மா கண்கலங்கினாள். பெட்டிக்குக் குங்குமம் வைத்தார்கள். அக்கம்பக்கத்தார் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கைகட்டி நின்று பார்த்தார்கள். தேவகி அதில் சீட்டாடப் பழகினாள். மவுஸைப் பிடித்துக் கோணல்மாணலாக ஒரு தென்னைமரம் வரைந்தாள். பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டாள். முதன்முதலாகத் தன் பெயரைத் திரையில் அடித்தபோது அழுகையே வந்துவிட்டது.

மழை பிடித்ததிலிருந்துதான் அந்தச் சத்தம். அடுப்படியில் நிற்கும்போது உள்ளே யாரோ கீபோர்டைத் தட்டுவது கேட்கும். ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர் என்று மனதைத் தேற்றிக்கொள்வாள். ஆனால் சொட்டும் தண்ணீர் நடுவில் நின்று யோசிக்குமா? போய்ப் பார்த்தால் உறை போட்டது போட்டபடி இருக்கும். தூக்கினால் குப்பென்று நீலகிரித் தைல வாசனை.

பட்டன்கள் அமுங்காமல் போகவே, அன்று மத்தியானம் ரிப்பேர்க்கார மாசிலாமணி வந்தான். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டியவன் சிரித்தான்.

"இன்னும் தைல வாசம் போவல பாருக்கா."

"யாரு தைலம்?"

"விழுப்புரம் வூட்ல இத ரிப்பேர் பாக்கப் போறப்பல்லாம் பாப்பேன், அந்தக்கா எந்நேரமும் தலவலின்னு தடவிக்கினேதான் டைப் அடிப்பாங்க. கடைசில இதுமேலயே தலய சாச்சிக்கினு போய்ட்டாங்க. தூங்குறாங்கன்னு நெனச்சி சாரு போர்வ போத்தி வுட்டாராம்."

"எந்தக்கா?"

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தவன் கீபோர்டைக் கீழே வைத்தான். "சாரோட வூட்டம்மாக்கா. மொத சம்சாரம்... உங்களுக்குத் தெரியாதா?"

காசுகூட வாங்காமல் போய்விட்டான்.

பொழுது சாய, ராஜசேகர் நனைந்துகொண்டு வந்தான். தேவகி துண்டை நீட்டவில்லை.

"உங்களுக்கு மொதல்லயே ஒரு கல்யாணம் ஆயிருந்துதா?"

அவன் நிதானமாகச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். "உங்கப்பாகிட்ட சொல்லிட்டுத்தான் பொண்ணு கேட்டேன்."

"அம்மாவுக்கு?"

"தெரியும்."

அவ்வளவுதான். அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டான். பெட்டிக்குக் குங்குமம் வைத்த அம்மாவின் விரல் அவள் கண்முன் வந்து நின்றது.

கரண்ட் போனது.

மழைச் சத்தம் மட்டும். பிறகு உள்ளே, அவன் குரல். இத்தனை மாதத்தில் ஒருநாளும் அவளிடம் பேசியிராத, குழைந்த குரல்.

"போதும்மா. கண்ணு நோவும்."

மெழுகுவத்தியைக் கொளுத்திக்கொண்டு போனாள். அறை வாசலில் நின்றாள்.

நாற்காலியில் யாருமில்லை. அதன் பின்னால் நின்றுகொண்டு, அவன் காற்றில் எதையோ மெல்லக் கோதிக்கொண்டிருந்தான்.

"என்னங்க..."

திரும்பவில்லை.

அணைந்த திரையின் கறுப்புக் கண்ணாடியில் அறை முழுக்கத் தெரிந்தது. நாற்காலி தெரிந்தது. அவன் விரல்களுக்கடியில் அவிழ்ந்த கூந்தல். சாய்ந்த கழுத்து. ஒரு பெண்ணின் முகம். சிரித்தது.

அவர்களுக்குப் பின்னால் கதவு. வாசல்படி.

அங்கே தேவகி இல்லை. மெழுகுவத்தி மட்டும், யாரும் பிடிக்காமல், அந்தரத்தில் எரிந்துகொண்டிருந்தது.