நான்காவது கை

வீட்டு வண்டியான கரவன் ஏழாவது நீர்க்கதவின் முன் நின்றதும் எல்லோரும் பழக்கப்படி இறங்கினார்கள். முதலில் துஷ்யந்தன், பிறகு மகள் பிரணவி, அவள் பின்னால் மனைவி மதுவந்தி, கடைசியில் சர்வேசன். இறங்கிய கணத்திலேயே ஈக்கள் கண்ணோரத்து ஈரத்தை மொய்த்தன. கதவு என்று பெயர்தான். செம்மண்ணில் நட்ட ஓர் இரும்புத் தூண், அதில் நான்கு பலகைகள். ஒரே நேரத்தில் நால்வரும் உள்ளங்கையை வைத்தால், உயிருணரி ஒவ்வொருவரின் நாடியையும் எண்ணிப் பார்த்துவிட்டு, அடுத்த இருநூறு கிலோமீட்டருக்கான தண்ணீரைத் தரும்.

மூன்று பலகைகள் பச்சையாயின. நான்காவது சிவப்பாகவே இருந்தது. சர்வேசன் கரவனின் நிழலில் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணா, வாங்கோவன்," என்றான் துஷ்யந்தன்.

"வாறன். என்ன அவசரம்?"

தெற்கு நகரங்களில் குழாய்கள் வற்றி, மக்கள் வடக்கே மழை பெய்யும் குடியேற்றங்களுக்குக் கிளம்பிய முதல் ஆண்டுகளில், தண்ணீர் மிஞ்சட்டும் என்று நோயாளிகளைச் சாலையோரம் இறக்கிவிட்டுப் போனவர்கள் உண்டு. அதன் பிறகுதான் எண்ணிக்கைச் சட்டம் வந்தது. புறப்பட்ட அத்தனை பேரும் உயிரோடு வந்து கை வைத்தால்தான் தண்ணீர். நான்கு பேருக்குக் குறைந்த குடும்பத்துக்குப் பயண அனுமதியே கிடையாது. அதனால்தான் இந்த மனிதரைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சர்வேசன் துஷ்யந்தனின் அண்ணன். மதுவந்தியின் அக்கா சுகிர்தாவை மணந்தவரும் அவர்தான். இரண்டு கோடைக்கு முன் அனல்தாக்கில் சுகிர்தா இறந்தபோது வீட்டில் இருந்தவர் அவர் ஒருவரே. என்ன நடந்தது என்று அவர் சொன்னதேயில்லை. இறந்த எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று, சாப்பிட உட்கார்ந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், "என்ர அக்காவைச் சாகவிட்டது இவர்தான்" என்றாள் மதுவந்தி. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

தன் கைக்கு இருக்கும் பலத்தை அவர் மூன்றாவது கதவில் கண்டுபிடித்தார். அங்கே முன் இருக்கை கேட்டார். ஐந்தாவதில், பிரணவி தன் பக்கத்தில் இருந்து சாப்பிட வேண்டும் என்றார். இரண்டையும் கொடுத்தார்கள்.

"இண்டைக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள் மதுவந்தி. இரண்டு ஆண்டுகளில் அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"எட்டுச் செலவில நீர் சொன்னதைத் திருப்பி எடும். 'அக்கா செத்தது உங்கட பிழையில்லை' எண்டு சொல்லும். பிள்ளை கேக்கச் சொல்லும்."

"சொல்லமாட்டன்."

"அப்ப நிப்பம்."

நின்றார்கள். வெயில் நாற்பத்தெட்டைத் தாண்டியிருந்தது. தொட்டியில் காலையிலேயே சொட்டு இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சிவந்த தரையும் முட்புல்லும் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. அரை மணி நேரம் போனது.

"சொல்லிவிடன் மது," என்றான் துஷ்யந்தன், அவள் முகத்தைப் பார்க்காமல். "வெறும் சொல்லுத்தானே."

"உங்களுக்கு வெறும் சொல்லு."

அப்போது பிரணவியின் மூக்கிலிருந்து இரத்தம் வழிந்தது. பத்து வயதுக்காரி அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். மதுவந்தி மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அக்கா செத்தது உங்கட பிழையில்லை."

"கேக்கேல்லை."

இரண்டாம் முறை கத்திச் சொன்னாள். சர்வேசன் வந்து கை வைத்தார். தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கேட்டு வாங்கிய சொல் தனக்கு எதற்கும் உதவவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அவர் குடிக்காமலே வண்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் எட்டாவது கதவில் முதலில் கை வைத்தவர் அவர்தான். துஷ்யந்தன் வைத்தான், பிரணவி வைத்தாள். மதுவந்தி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மது!" என்றான் துஷ்யந்தன்.

"இண்டைக்கு நான் கேக்கிறன். அத்தான், அண்டைக்கு வீட்டில என்ன நடந்தது?"

அவர் கையை எடுக்கவில்லை. அவருடைய பலகையில் நாடித்துடிப்பின் எண் ஏறிக்கொண்டே போனது. தொண்ணூற்றாறு. நூற்றுப் பத்து. நூற்று இருபத்துநான்கு.

"அம்புலன்சுக்குப் போன் அடிக்கச் சொன்னவள்," என்றார் கடைசியில். "ரெண்டு தரம் சொன்னவள். எனக்கு நித்திரைத் தூக்கம். வெயில் தாழட்டும், நானே கூட்டிக்கொண்டு போறன் எண்டன். அவளும் சரியெண்டு பேசாமல் படுத்திட்டாள். நாலு மணிக்குத் தொட்டுப் பாக்கேக்க..."

அவர் பலகையில் இருந்த தன் கையையே பார்த்தார்.

அடி, சண்டை, பூட்டிய கதவு என்று மதுவந்தி என்னென்னவோ நினைத்து வைத்திருந்தாள். ஒரு மத்தியானத் தூக்கத்தை அவள் நினைத்துப் பார்த்ததேயில்லை. அதற்குப் போய் இவ்வளவு பெரிய வெறுப்பைச் சுமந்திருக்க வேண்டுமா என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே, அக்கா இரண்டு தரம் கேட்டிருக்கிறாள் என்பது உறைத்தது. மன்னிக்க அவளால் ஆகவில்லை. கையை வைத்தாள்.

தண்ணீர் வந்தது. நான்கு கோப்பைகளை நிரப்பினாள். அவருடையதைக் கையில் கொடுக்காமல் கரவனின் படியில் வைத்துவிட்டு ஏறிக்கொண்டாள். அவர் வெகுநேரம் அதை எடுக்கவில்லை.

தன்னோட்டி வண்டியை மறுபடி நேர்கோட்டில் செலுத்தத் தொடங்கியது. வடகோடி டார்வினுக்கு முன் இன்னும் ஐந்து கதவுகள். முன் இருக்கைகளில் அண்ணனும் தம்பியும் சாலையை வெறித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாளாக ஒரு வார்த்தை பேசாத பிரணவி திடீரென்று கூப்பிட்டாள்.

"அம்மா."

"என்னம்மா?"

"அடுத்த கதவில கேக்கிறது என்ர முறை."

முன்னால் இருந்த இருவரும் திரும்பவில்லை. பிரணவி இரண்டு உள்ளங்கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து, இறுக அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.