மூடிய கை

“நாங்க தப்பிச்சுப் போக நாலு மணிக்குள்ள வேற வண்டி வரலைன்னா அந்தம்மா உசுரோட திரும்பாது!”

போனில் வந்த மிரட்டல் இவ்வளவுதான். மூன்று பேர். மூவரும் ஒரு காலத்தில் பாறைக்கு வெடி வைத்துப் பிழைத்தவர்கள். வெடிமருந்து வண்டியைக் கடத்திக்கொண்டு போய், மூடிக் கிடந்த கருங்கல் குவாரியில் பதுங்கிவிட்டார்கள். அங்கே அளவெடுக்க வந்திருந்த கனிமவள அதிகாரி ஷகிலாவைக் கொட்டகையில் கட்டிப்போட்டிருந்தார்கள்.

மணி இரண்டரை. அதிரடிப்படை எஸ்.ஐ. மாசிலாமணி நான்கு கமாண்டோக்களோடு மலையின் பின்புறம் ஏறினான். முன்னால் வழிகாட்டி செங்கோடன். ஐம்பது வயது, காய்ப்பேறிய கை, கிழிந்த ரப்பர் செருப்பு.

“சார், இந்தாளு அவனுங்களோட பன்னெண்டு வருஷம் கல்லுடைச்சவன். ஒரே சட்டியில சோறு தின்னவன்” என்று கிசுகிசுத்தான் கமாண்டோ ஜெபராஜ். “இவனை நம்பியா குழிக்குள்ள இறங்குறோம்?”

“கண்ணை அவன் மேலயே வை.”

மாசிலாமணிக்கும் நெஞ்சில் முள் உறுத்தியது. செங்கோடன் கூப்பிட்டால் திரும்பமாட்டான். துளை போடும் மிஷின் காதைத் தின்றுவிட்டது என்றார்கள். ஆனால் அடிக்கடி நின்று பாறையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். செவிடனுக்குப் பாறை என்ன சொல்கிறது? வாய் திறந்தால் அடுத்த மலைக்குக் கேட்கும் குரல் என்பதால், பேசவே கூடாது என்று மாசிலாமணி அவனுக்கு வேறு உத்தரவு போட்டிருந்தான்.

சட்டென்று முன்னால் ஒரு கல் உருண்டது!

மாசிலாமணி கையை மூடி உயர்த்தினான். படையில் அதற்கு ‘நில், மூச்சு விடாதே’ என்று அர்த்தம். நால்வரும் சிலையானார்கள்.

திரும்பிப் பார்த்த செங்கோடனோ கண் பிதுங்க, எடுத்தான் ஓட்டம்!

“காட்டிக்கொடுக்க ஓடுறான் சார்! சுடட்டுமா?”

“வேணாம்! சத்தம் கேட்டா அந்தம்மா போச்சு!”

மாசிலாமணி விரட்டினான். சரிவில் உருண்டு, முழங்கை சிராய்த்து, பாறைக்கடியில் குகை போலிருந்த ஒரு பொடவுக்குள் பாய்ந்தான். உள்ளே செங்கோடன் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தான்.

மாசிலாமணி அவன் சட்டையைப் பிடித்தான். காட்டிக்கொடுக்க ஓடுகிறவன் எதற்குக் காதைப் பொத்துகிறான்?

“யாருக்குய்யா தகவல் சொல்ல ஓடினே?” என்று காதோரம் உறுமினான்.

“தகவலா? திரி எங்க சார் பத்த வெச்சீங்க?” குரலை அடக்க அவன் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. “கையை மூடித் தூக்கினீங்களே! மிஷின் சத்தத்துல வாயால சொன்னா எவனுக்குக் கேட்கும்? மூடின கைன்னா திரி வெச்சாச்சு, ஓடுன்னு அர்த்தம். எல்லாரும் இந்தப் பொடவுக்குத்தான் ஓடியாருவோம்.”

“எல்லாருமா?”

“அந்த மூணு நாய்களுந்தான்.”

மாசிலாமணியின் பிடி தளர்ந்தது. மணி மூன்றேகால்.

திட்டத்தைக் கேட்ட ஜெபராஜ் பதறினான். “இவனைத் தனியா விடுறதா? அவனுங்களோட சேர்ந்துட்டா?”

சேர்ந்தால் ஷகிலா பிணம். படையும் பொறிக்குள். மாசிலாமணி அந்தக் காய்ப்பேறிய கையை ஒருமுறை பார்த்தான்.

“போங்கண்ணே” என்று செங்கோடனின் காதோரம் சொன்னான்.

“இப்பவாவது வாய் திறக்கலாமா சார்?”

“மலை அதிரக் கத்துங்க!”

இரண்டு பேர் கொட்டகையின் பின்னால் ஊர்ந்தார்கள். மற்றவர்கள் பொடவுக்குள் துப்பாக்கியோடு காத்திருந்தார்கள். ஒரு நிமிடம். இரண்டு. சத்தமே இல்லை. ‘ஏமாந்துட்டோமா?’ மாசிலாமணி கடிகாரத்தைப் பார்த்தான்.

கொட்டகைக்கு நேர் மேலே, விளிம்பில், வெறும் மார்போடு செங்கோடன் எழுந்து நின்றான். துப்பாக்கிக்குத் தோதான குறி! மூடிய கை வானத்தில் ஏறியது.

“வேட்டேய்! வேட்டு! வேட்டேய்!”

மூவரும் யோசிக்கவில்லை. பன்னிரண்டு வருஷப் பழக்கம் யோசிக்க விடுமா? வெடிமருந்து மேலேயே உட்கார்ந்திருந்தவர்கள் துப்பாக்கியைக்கூட எடுக்காமல், விழுந்தடித்து ஓடிவந்து, ஒருவன் பின் ஒருவனாகப் பொடவுக்குள் குதித்தார்கள். காதைப் பொத்திய கைகளில் விலங்கு மாட்டுவது எளிதாகத்தான் இருந்தது!

ஷகிலா வெளியே வந்தபோது நாலு மணிக்கு இருபது நிமிடம் மிச்சமிருந்தது. “இவர்தானே கத்தினது? எனக்கே ஓடணும்போல இருந்தது” என்று செங்கோடனைப் பார்த்துச் சிரித்து அழுதார்.

ஜெபராஜ் தன் தண்ணீர் பாட்டிலைச் செங்கோடனிடம் நீட்டினான். “அண்ணே, சுடட்டுமான்னு கேட்டவன் நாந்தான்.”

“கேட்கலை தம்பி” என்றான் செங்கோடன். “காது செவிடாச்சே!”

அடுத்த முறை வழியைக் கேட்கும் முன் வழிகாட்டியின் சைகையைக் கேட்கவேண்டும் என்று மாசிலாமணி மனதில் குறித்துக்கொண்டான். ஜீப் கிளம்பியது. கீழே நின்ற செங்கோடனுக்கு விடைகொடுக்க உயர்ந்த அவன் கை, பழக்க தோஷத்தில் மூடிக்கொண்டது.

செங்கோடன் ஓட ஒரு காலைத் தூக்கினான்.

மாசிலாமணி அவசரமாக விரல்களை விரித்து ஆட்டினான்.