திறக்காத நாற்பது கதவுகள்

மழைக்கு ஒதுங்கத்தான் அவள் அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் ஓடினாள். ஓடிய வேகத்தில், கதவருகே நின்றிருந்தவன் மேலேயே போய் மோதினாள். அவள் போட்டிருந்த கண்ணாடி தெறித்து விழுந்தது. பதறிப்போய் ஓரடி நகர்ந்தவன், சரியாக அதன் மேலேயே காலை வைத்தான்.

"ஐயோ... சாரிங்க!"

"பரவால்ல... உடைஞ்சதுதான் உடைஞ்சுது, நல்ல இடமாப் பார்த்து உடைஞ்சிருக்கு."

அவன் சிரித்துவிட்டான். கடை அவனுடையது. கண் பரிசோதிப்பதும் அவனேதான். மிதித்த பாவத்துக்குப் புதிதாக ஒன்று போட்டுத் தருகிறேன் என்று அவளை உள்ளே உட்கார வைத்தான்.

கருவியில் தாடையை வைத்து, நெற்றியை ஒட்டினாள். எதிரே ஒரு சாண் தூரத்தில் அவன் கண்கள்... அவள் இமையில் இன்னும் மழைத்துளி காயவில்லை.

"இமைக்காம பாருங்க."

சொல்வது எளிது! இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒருவன் பார்த்தால் எவளால் இமைக்காமல் இருக்க முடியும்?

"கண்ணு ரொம்பக் களைச்சிருக்கு. கேம் விளையாடுவீங்களோ?"

"ம்... கொஞ்சம்."

"எங்கப்பாவும்தான். முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். இடுப்புல அடிபட்டு வீட்டோட கிடக்காரு. பெரிய உலகம், எங்க வேணா போகலாம்னு போட்டிருந்துச்சேன்னு ஒரு கேம் வாங்கிக் குடுத்தேன். குதிரையில பதினோரு நாள் வடக்கே போனாருங்க. மலை உச்சியில ஒரு ஊரு, நாப்பது வீடு. நாப்பதையும் தட்டினாரு. ஒண்ணுகூட திறக்கல. கதவு மாதிரி வரைஞ்சு வச்சிருக்கான், உள்ள ஒண்ணுமே இல்ல!"

அவளுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் இருந்தது.

அந்த கேமில் அந்த ஊரை உருவாக்கியவளே அவள்தான். கேம் தயாரிக்கும் அலுவலகத்தில் அவளுக்கு 'மேப் மகாராணி' என்று பெயர். கேம் வெளிவர இரண்டே வாரம் இருந்தபோது, "எதிர்க் கம்பெனிக்காரன் மேப் நம்மளதவிடப் பெருசாம்" என்று மேலாளர் குதித்தார். ஒரே பிற்பகலில் வடக்கே மலையை இழுத்துவிட்டாள். ஒரு வீட்டைச் செய்து நாற்பதாக நகலெடுத்தாள். வித்தியாசம் தெரியக்கூடாதென்று ஒவ்வொன்றையும் கொஞ்சம் திருப்பி வைத்தாள். "அவ்வளவு தூரம் யாரு வரப்போறாங்க?" என்று சொல்லிச் சிரிக்க வேறு செய்தாள். ஒருவர் வந்திருக்கிறார்.

"அதைச் செஞ்சவங்க கிடைச்சா... என்ன செய்வீங்க?"

"முதல்ல கண்ணை டெஸ்ட் பண்ணுவேன். மனுஷங்க தெரியறாங்களான்னு!" என்றவன், "ஆமா, நீங்க என்ன வேலை?" என்றான்.

"வீடு... வீடு வரையற வேலை."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அன்று முழுக்க நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆனாலும் போனாள். புதுக் கண்ணாடியின் காலைத் தானே வளைத்துக்கொண்டு, மூன்று வாரத்தில் ஐந்து முறை போனாள்.

"இது தானா வளையற கால் இல்லையே..." என்பான் நிமிராமலே.

"என் காதுக்கு இதைப் பிடிக்கலையோ என்னவோ..."

இரண்டு நிமிட வேலைக்கு அவன் இருபது நிமிடம் எடுத்துக்கொள்வான். அந்த இருபது நிமிடமும் அவளுக்குத் தித்திக்கும். தெருவில் இறங்கியதும் வெட்கக்கேடாக இருக்கும். இன்று சொல்லிவிடலாம், நாளை சொல்லிவிடலாம் என்று நாள்தான் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்கு அழைத்துப்போனான். "அப்பா, இவங்க வீடு வரையறவங்க."

சாய்வு நாற்காலியில் இருந்தவர் விளையாட்டை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "வாம்மா. நல்ல வேலை! வீட்டைப் பத்திக் கேட்டா நீதான் சொல்லணும். அந்த மலை ஊரு இருக்கே... கை நடுங்குதா, நான்தான் தப்பு பட்டனை அமுக்கறேன்னு நெனைச்சேன். ரெண்டு நாள் திரும்பத் திரும்பத் தட்டினேன். கையும் போயிடுச்சு போலன்னு அழுகையா வந்துச்சு. இவன்கிட்டகூடச் சொல்லல, வெக்கமா இருந்துச்சு."

அவள் கூனிக்குறுகித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க கை நல்லாத்தான் இருக்குப்பா. தப்பு என்னோடது. அந்த ஊரைப் போட்டது நான்தான்... உள்ள ஒண்ணும் வைக்கல. பெருசாக் காட்டினாப் போதும்னு விட்டுட்டேன்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. பார்க்க முகமில்லை.

"மூணு வாரமா பேசறோம்..." என்றான் அவன். குரலில் சிரிப்பே இல்லை.

"சொன்னா அப்புறம் கடைக்கு வரவிட மாட்டீங்கன்னு பயம். எனக்கு... உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. சொல்ற லட்சணத்துல நான் இல்ல, தெரியும். கிளம்பறேன்."

எழப்போனவளின் தோளில் பெரியவரின் கை விழுந்தது. "இரும்மா. நீ மனசு வச்சுச் செஞ்ச எடம் ஒண்ணுகூடவா இல்ல?"

"இருக்குப்பா... தெற்கே ஆத்தோரம். ஆறே வீடு. ஒரு வருஷம் செஞ்சேன். ரொம்பச் சின்னதுன்னு யாரும் நிக்கறதில்ல."

"நானும் நிக்காமத்தான் வந்தேன். இன்னும் எவ்வளவு உலகம் கிடக்குதுன்னு ஒரே ஓட்டம்." திரையில் மலையடியில் நின்ற குதிரையைத் தெற்கே திருப்பினார். "மகராசி, பதினோரு நாள் ஆகுமே!"

அவன் அவளருகே தரையில் வந்து அமர்ந்தான்.

"எனக்குக் கோவம் இருக்கு."

"ம்..."

"பொய் சொன்னதுக்குத்தான். லேசுல போகாது. பிடிக்காதவங்க மேல எனக்குக் கோவமே வராதுங்கறது வேற விஷயம்..."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அப்பாவோட குதிரை ஆத்தோரம் போக பதினோரு நாள். தினமும் வாங்க. கோவம் குறையுதான்னு வந்து பாத்துட்டுப் போங்க."

அழுதுகொண்டே தலையாட்டினாள். அன்று முதல்முறையாக, இமைக்காமல் அவன் கண்களைப் பார்த்தாள்.