ஒரே இரவில் வெளுத்த கற்கள்

மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் வக்கீல் ராமானுஜத்தின் வீட்டு முன்னறைதான் அவருடைய ஆபீஸ். 1993 ஜூன், காலை ஏழரை மணி. ஜூனியர் ஸ்ரீரஞ்சனி பீரோவைத் திறந்தாள். துணிப்பையின் அரக்கு முத்திரை உடைந்திருந்தது. கற்கள் உள்ளேதான் இருந்தன. ஆனால் நேற்று மாலை வரை கறுப்பேறிக் கிடந்தவை, இப்போது தேங்காய்ப் பத்தை மாதிரி வெளுத்திருந்தன.



புறம்போக்கில் குவிந்து கிடந்த சுண்ணாம்புக்கல் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு. தன் குத்தகைக் காலத்தில் வெட்டியது என்றார் திருவல்லிக்கேணி ஷரஃபுதீன். அவருக்குப் பின் குத்தகை எடுத்த கனகராஜோ, தான் புதிதாக வெட்டியது என்றார். பழைய கல் என்றால் வெயிலும் மழையும் பட்டுக் கறுத்திருக்கும். அதைப் பார்த்துச் சொல்லத்தான் கோர்ட் ராமானுஜத்தைக் கமிஷனராகப் போட்டது. அவர் மாதிரிக் கற்களோடு திரும்பிய மறுநாளே குவியல் மொத்தத்தையும் யாரோ லாரிகளில் அள்ளிவிட்டார்கள். மிஞ்சிய சாட்சி இந்தப் பை ஒன்றுதான். இன்று கோர்ட்டில் காட்ட வேண்டும்.

"சாவி உங்கிட்டதானே இருந்தது?" அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார் ராமானுஜம்.

"ஆமா சார். நான் தொடலை."

"இன்னொரு சாவி பூஜை ரூம்ல இருக்கு. அங்க ஆத்து மனுஷாளைத் தவிர யார் போவா? கோர்ட் ரிப்போர்ட்ல உன் பேரைத்தாம்மா எழுதணும் நான்."

அவள் வக்கீலாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு வரி போதும், கறுப்புக் கோட்டை மடித்து வைத்துவிட வேண்டியதுதான்.

அலமாரி ஓரம் நின்ற இன்னொரு ஜூனியர் ஸ்ரீநாத்தின் பக்கம் திரும்பினார் ராமானுஜம். அவருடைய அக்கா பிள்ளை. தியாகராய நகரிலிருந்து வருகிறவன். "நீ எப்ப வந்தே?"

"இப்பத்தான் மாமா, இவளுக்குக் கொஞ்சம் முன்னாடி. மாமியோட கோலத்தை மிதிக்கக் கூடாதேன்னு ஓரமா தாண்டி வந்தேன்."

ராமானுஜத்தின் மனைவி அபயாம்பாள் காபியோடு வந்தாள், வசவும் கூடவே வந்தது. "வண்டிக்காரன் கோலமாவுன்னு என்ன கண்றாவியைக் குடுத்தானோ! இருட்டோட போட்ட கோலம் புஸ்ஸுன்னு நுரைச்சுண்டு காணாமப் போயிடுத்து. கை வேற அரிக்கறது. இன்னிக்கு மொட்டை வாசல்தான்."

ஸ்ரீரஞ்சனி நிமிர்ந்தாள். "வாசல் தெளிக்கத் தண்ணி ஏது மாமி?"

"கொல்லையில பக்கெட்டுல பாதி இருந்தது. லாரித் தண்ணிக்கு நாயா அலையற ஊர்ல அதைக் கொட்டவா முடியும்?"

ஸ்ரீரஞ்சனி கொல்லைக்கு ஓடினாள். பக்கெட்டின் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. முன்னறைக்குத் தூக்கி வந்து ஒரு சிட்டிகை கோலமாவைப் போட்டாள். பொங்கி நுரைத்தது.

"மாவு நல்ல மாவுதான் மாமி. அதுவும் சுண்ணாம்புக்கல் பொடிதான். இது பாத்ரூம் கழுவற ஆசிட். ராத்திரி வீட்டுக்குப் போகாம இங்கயே ஒளிஞ்சிருந்து, கல்லை இதுல ஊறப்போட்டுக் கறுப்பை எடுத்திருக்கா. எடுத்தவர் பீரோவுல திருப்பி வைக்க இங்க வந்த நேரம், நீங்க பக்கெட்டைத் தூக்கிண்டு போயிட்டேள். அப்புறம் வாசல்லயும் நீங்க, கொல்லையிலயும் நீங்க. வெளியே போக வழியில்லாம இங்கயே நின்னுட்டார்."

"யாரு?" என்றார் ராமானுஜம்.

"இல்லாத கோலத்தைத் தாண்டி வந்தவர். நான் வரச்சே வாசல் வெறுமையா இருந்தது சார். மயிலாப்பூர் வாசல்னா கோலம் இருக்கும்னு நினைச்சுட்டார் ஸ்ரீநாத். அவரும் ஆத்து மனுஷர்தானே, சாவி எடுக்கப் பூஜை ரூமுக்குப் போனா யார் கேப்பா?"

ஸ்ரீநாத் அப்படியே தரையில் உட்கார்ந்தான். "தனி ஆபீஸ் போட்டுத் தரேன்னான் கனகராஜ்... மாமா, அம்மாக்குத் தெரிஞ்சா செத்துடுவா."

அபயாம்பாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராமானுஜம் வெளுத்த கல் ஒன்றை எடுத்துப் பார்த்தார். "கறுப்பு போயிடுத்தே. ஷரஃபுதீனுக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

"புதுசா வெட்டின கல்லை யாரு சார் ஆசிட்ல கழுவுவா? கழுவினதே அவருக்குச் சாட்சி."

அவர் கல்லைப் பையில் போட்டார். பிறகு பேனாவை அவளிடம் நீட்டினார். "நான் சொல்றேன், நீ எழுது."

ஸ்ரீநாத்தின் பெயரை முதலில் முணுமுணுத்தார். இரண்டாம் முறை உரக்கச் சொன்னார். ஸ்ரீரஞ்சனி எழுதினாள்.